கிறிஸ்தவர் என்றால் யார்? நம்பிக்கை, வழிபாடு, வரலாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிறிஸ்தவத்தைப் பற்றிக் கேள்வி கேட்பவர்களில் இரண்டு வகை உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவர்கள், "நீங்கள் மூன்று கடவுளைக் கும்பிடுகிறீர்களா?" என்று கேட்பார்கள். சபைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்கள், "நான் பெற்ற ஞானஸ்நானம் செல்லாது என்று இன்னொரு சபைக்காரர் சொல்கிறாரே, உண்மையா?" என்று கேட்பார்கள். இரண்டு பேருக்கும் சேர்த்தே இந்தப் பக்கம்.

இதைப் படிக்கும்போது என் பார்வை என்ன என்பது தெரிந்திருந்தால் நல்லது. கிறிஸ்தவ அடையாளம் முதலில் உருவானது சேர்ந்து செய்த காரியங்களில்தான்: தண்ணீரில் இறங்கியது, அப்பத்தைப் பிட்டது, வாரந்தோறும் கூடியது. கொள்கை விளக்கங்கள் பெரும்பாலும் அதற்குப் பின்னால் வந்தவை. அப்புறம், சபைக்குச் சபை சொற்கள் மாறும். ஞானஸ்நானமும் திருமுழுக்கும் ஒன்றுதான். திருவிருந்தும் நற்கருணையும் அப்படியே.

ஒருவரைக் கிறிஸ்தவர் ஆக்குவது எது? பிறப்பா, நம்பிக்கையா, ஞானஸ்நானமா?

பிறப்பு மட்டும் போதாது. கிறிஸ்தவப் பெற்றோரின் பிள்ளைக்கும் ஞானஸ்நானம் கொடுக்கிறார்களே, அதிலிருந்தே இது தெரியும். இயேசுவை ஆண்டவர் என்று ஏற்பதும், பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் பெயரால் ஞானஸ்நானம் பெறுவதும் மிகப் பெரும்பாலான சபைகள் ஒப்புக்கொள்ளும் இரண்டு அடையாளங்கள். விதிவிலக்கு உண்டு. குவேக்கர்களும் இரட்சணிய சேனையும் தண்ணீர் ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. அவர்கள் கிறிஸ்தவர்கள் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இந்த இரண்டில் எது முந்தியது என்று கேட்டால், பெர்பெத்துவாவின் கதையைத்தான் சொல்வேன். கி.பி. 203, வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரம். ஏறக்குறைய 22 வயது, நல்ல குடும்பத்துப் பெண், கையில் பால் குடிக்கும் குழந்தை. ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தபோதே கைது செய்துவிட்டார்கள். மனதை மாற்றிக்கொள்ளச் சொல்லி அப்பா வந்து கெஞ்சுகிறார். அங்கே கிடந்த ஒரு பாத்திரத்தைக் காட்டி, "அப்பா, இதை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட முடியுமா?" என்று கேட்கிறாள். "முடியாது" என்கிறார். "அப்படித்தான், நான் கிறிஸ்தவள் என்பதைத் தவிர வேறு எதையும் என்னைப் பற்றிச் சொல்ல முடியாது." இதை அவளே எழுதி வைத்திருக்கிறாள். அப்போது அவள் இன்னும் ஞானஸ்நானம் பெறவில்லை. சில நாட்களில், காவலில் இருந்தபடியே பெற்றாள். பெலிசித்தா என்ற அடிமைப் பெண்ணும் அவளுமாக ஒரே மைதானத்தில் உயிர்விட்டார்கள். பெயரும் உறுதியும் முதலில் வந்தன. ஆனால் தண்ணீர் தேவையில்லை என்று அவள் நினைக்கவில்லை. சிறைக்குள்ளும் அதைத் தேடிப் பெற்றாள்.

ஆலயங்கள் கட்டப்படுவதற்கு முன் எப்படி வழிபட்டார்கள்?

இதற்கு நம்மிடம் அருமையான சாட்சிகள் இருக்கின்றன. ஒன்று எதிர்த்தரப்பிலிருந்தே வந்தது. கி.பி. 112 வாக்கில், இன்றைய துருக்கியின் வடபகுதியில் ரோம ஆளுநராக இருந்த பிளினி, பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்களை விசாரித்ததில் தெரிந்தது இவ்வளவுதான் என்கிறார்: குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைக் கடவுளாகப் போற்றி மாறி மாறிப் பாடுகிறார்கள், திருட மாட்டோம், விபசாரம் செய்ய மாட்டோம், கொடுத்த வாக்கை மீற மாட்டோம் என்று உறுதி எடுக்கிறார்கள், கலைந்து போய், மறுபடி கூடிச் சாதாரண உணவைச் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். இதைத் தெரிந்துகொள்ள அவர் இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தார். அந்தப் பெண்கள் சபையில் பணிப்பொறுப்பில் இருந்தவர்கள் என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். அவர்களுடைய பெயர்களைக் குறிக்கவில்லை.

இரண்டாவது சாட்சி உள்ளேயிருந்து. 155 வாக்கில் ரோமில் வாழ்ந்த ஜஸ்டின், பேரரசருக்கு எழுதிய விளக்கத்தில் ஞாயிறு வழிபாட்டைப் படிப்படியாகச் சொல்கிறார். நகரத்திலும் நாட்டுப்புறத்திலும் இருப்பவர்கள் ஓரிடத்தில் கூடுவார்கள். அப்போஸ்தலர்களின் நினைவுக்குறிப்புகளோ தீர்க்கதரிசிகளின் எழுத்துகளோ நேரம் இருக்கும்வரை வாசிக்கப்படும். தலைமை தாங்குபவர் பேசுவார். எல்லாரும் எழுந்து நின்று ஜெபிப்பார்கள். அப்பமும், தண்ணீர் கலந்த திராட்சரசமும் கொண்டுவரப்படும். நன்றி ஜெபத்துக்கு மக்கள் "ஆமென்" என்பார்கள். வர முடியாதவர்களுக்கு உதவிக்குருக்கள் பங்கை எடுத்துப் போவார்கள். காணிக்கை அனாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்போர், அந்நியர்களுக்குப் போய்ச் சேரும். இன்று எந்தக் கண்டத்தில் எந்தப் பழைமையான சபைக்குப் போனாலும் இந்த வரிசையை அடையாளம் கண்டுகொள்ளலாம். கிட்டத்தட்ட 1,870 ஆண்டுகளாக மாறாத எலும்புக்கூடு இது.

மூன்றாவது சாட்சி ஒரு வீடு. சிரியாவில் யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் துரா யூரோப்பஸ் என்ற எல்லைப்பட்டணம். அங்கே ஒரு சாதாரண வீட்டில் இரண்டு அறைகளுக்கு நடுவில் இருந்த சுவரை இடித்து ஒரே கூடமாக்கியிருக்கிறார்கள். இன்னொரு சிறிய அறையில் ஞானஸ்நானத் தொட்டி. தொட்டிக்கு மேலே ஆட்டைத் தோளில் சுமக்கும் மேய்ப்பன். பக்கச் சுவர்களில் கிணற்றடிப் பெண், படுக்கையை எடுத்துக்கொண்டு நடக்கும் முடவன், தண்ணீர்மேல் நடக்கும் இயேசு. 256-இல் பாரசீகப் படை முற்றுகையிட்டபோது, மதிலைப் பலப்படுத்த அதை ஒட்டிய வீடுகளை மண்ணால் நிரப்பினார்கள். அந்த மண்தான் ஓவியங்களைக் காப்பாற்றியது. கூடத்தில் அலங்காரம் குறைவு. கையில் இருந்த வண்ணத்தையெல்லாம் தண்ணீர் இருந்த அறைக்கே கொடுத்திருக்கிறார்கள்.

ஏன் ஞாயிற்றுக்கிழமை?

இயேசு உயிர்த்தெழுந்த நாள் என்பதால். முதல் மூன்று நூற்றாண்டுகளில் அது வேலைநாள். அதனால்தான் விடியுமுன் கூட வேண்டியிருந்தது. 321-இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் அதை ஓய்வுநாளாக்கினார், விவசாயிகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்து. ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுகள் போன்றவர்கள் இன்றும் சனிக்கிழமையையே கடைப்பிடிக்கிறார்கள்.

டிசம்பர் 25 இயேசு பிறந்த நாள்தானா?

பிறந்த தேதி நற்செய்தி நூல்களில் இல்லை. டிசம்பர் 25 விழாவாகக் கொண்டாடப்பட்டதற்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று நான்காம் நூற்றாண்டு ரோமிலிருந்து வருகிறது. ஆர்மீனியத் திருச்சபை ஜனவரி 6-ஐ வைத்திருக்கிறது. ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் சபைகளுக்கு அதே டிசம்பர் 25, நம் கணக்கில் ஜனவரி 7-இல் விழும். கிறிஸ்தவ ஆண்டின் மையம் இது இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மையம் உயிர்த்த ஞாயிறு.

குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பது சரியா? மூழ்க வேண்டுமா, தெளித்தால் போதுமா?

முறையைப் பற்றிய பழைய குறிப்பு "பன்னிரு அப்போஸ்தலர் போதனை" என்ற சிறு கையேட்டில் இருக்கிறது. முதல் நூற்றாண்டின் கடைசி அல்லது இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கம். ஓடும் தண்ணீரில் கொடு; இல்லையென்றால் வேறு தண்ணீரில்; குளிர்ந்த நீர் முடியாவிட்டால் வெந்நீரில்; எதுவுமே போதிய அளவு இல்லையென்றால் தலையில் மூன்று முறை ஊற்று. சட்டம் போடுகிற தொனியே இதில் இல்லை. தண்ணீர் குறைவாக உள்ள ஊரின் நிலைமை தெரிந்த ஒருவர் எழுதியது மாதிரி இருக்கிறது. இன்று ஆர்த்தடாக்ஸ் சபைகள் குழந்தையையே மூன்று முறை முழுக்குகின்றன. கத்தோலிக்கர் பெரும்பாலும் ஊற்றுகிறார்கள். பாப்டிஸ்டுகளும் பெந்தெகொஸ்தேயினரும் விசுவாசத்தை அறிக்கையிட்டவரை முழுமையாக முழுக்குகிறார்கள்.

குழந்தையா, பெரியவரா என்பது கடினமான கேள்வி. 200-ஐ ஒட்டி எழுதிய கார்த்தேஜ் எழுத்தாளர் தெர்த்துல்லியன், சிறுவர்களுக்கு அவசரப்படாதீர்கள் என்கிறார். அப்படியானால் அப்போதே கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்று அர்த்தம். அதில் தயங்கியவர்களும் இருந்திருக்கிறார்கள். நான்காம் நூற்றாண்டில் தள்ளிப்போடுவதே சகஜம். கான்ஸ்டன்டைன் மரணப் படுக்கையில்தான் பெற்றார். பின்னாளில் வட ஆப்பிரிக்காவில் ஆயராகிய அகஸ்டினுடைய தாய் மோனிக்கா தீவிர விசுவாசி. ஆனாலும் மகன் 387-இல், முப்பது வயதைத் தாண்டித்தான் மிலானில் ஞானஸ்நானம் பெற்றார். அதற்குப் பிறகே குழந்தை ஞானஸ்நானம் பொது வழக்கமாக நிலைத்தது.

1525 ஜனவரியில் சூரிக் நகரில் சிலர் ஒருவருக்கொருவர் மறுபடி ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டார்கள். குழந்தையாகப் பெற்றது ஞானஸ்நானமே அல்ல என்பது அவர்கள் வாதம். அவர்களில் ஒருவரான பெலிக்ஸ் மான்ஸை 1527 ஜனவரியில் நகர சபை லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது. ரோமத் திருச்சபையிலிருந்து பிரிந்த சீர்திருத்தத்தை ஏற்ற நகரம் செய்த வேலை இது. எதனால் பிழைக்கிறோம் என்று நம்புகிறார்களோ அதே தண்ணீரைத் தண்டனையாக மாற்றினார்கள். ஞானஸ்நானத்தைப் பற்றி வாதிடும் யாரும் இதை மறக்கக்கூடாது என்று நினைக்கிறேன்.

திருவிருந்தில் என்னதான் நடக்கிறது?

நம்மிடம் உள்ள மிகப் பழைய விவரிப்பு, பவுல் கொரிந்து சபைக்கு 50-களின் நடுவில் எழுதிய முதல் கடிதத்தின் 11-ஆம் அதிகாரம். அதை எழுதக் காரணமே ஒரு புகார்தான். வசதியுள்ளவர்கள் முன்கூட்டியே சாப்பிட்டுவிடுகிறார்கள். ஒருவன் பசியோடு இருக்கிறான், இன்னொருவன் குடித்து வெறித்திருக்கிறான். "ஒன்றும் இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?" என்று பவுல் கொதிக்கிறார். அந்தக் கோபத்தின் நடுவில்தான் "இது உங்களுக்காகப் பிட்கப்படுகிற என்னுடைய சரீரம்" என்ற வார்த்தைகளை நினைவூட்டுகிறார். பிற்காலத்தில் நடந்த விவாதமெல்லாம் அப்பத்துக்கு என்ன ஆகிறது என்பதைப் பற்றி. பவுலின் கவலை, மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் ஒருவரையொருவர் எப்படி நடத்துகிறார்கள் என்பது.

விவாதத்தின் நிலைப்பாடுகளையும் சொல்கிறேன். அப்பமும் ரசமும் உட்பொருளில் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமாக மாறுகின்றன, தோற்றம் மட்டும் அப்படியே இருக்கிறது என்பது கத்தோலிக்கப் போதனை. ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளும் அதை மெய்யான உடலும் இரத்தமும் என்றே நம்புகின்றன, ஆனால் எப்படி என்று விளக்க முனைவதில்லை. சீர்திருத்தத் தலைவர்கள் மூவரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். லூத்தர், அப்பம் அப்பமாகவே இருக்க அதனோடு கிறிஸ்துவின் உடலும் மெய்யாகவே இருக்கிறது என்றார். கால்வினைப் பொறுத்தவரை ஆவியானவரின் வல்லமையால் கிறிஸ்துவோடு மெய்யான ஐக்கியம் உண்டாகிறது. சுவிங்லி, இது நினைவுகூருதல் என்றார்.

1529 அக்டோபரில் மார்பர்க் கோட்டையில் லூத்தரும் சுவிங்லியும் நேருக்கு நேர் உட்கார்ந்தார்கள். லூத்தர் "இது என் உடல்" என்ற லத்தீன் சொற்களைச் சாக்குக்கட்டியால் மேசைமேல் எழுதி வைத்துக்கொண்டு, அதிலிருந்து அசையவில்லை. 15 தீர்மானங்களில் 14-இல் ஒத்துப்போனார்கள். பதினைந்தாவதில் இந்த ஒரு விஷயம் நின்றுபோனது. அதிலேயே இரண்டு மரபுகள் பிரிந்தன. 1982-இல் பெரு நாட்டின் லிமா நகரில் பல சபைகளின் இறையியலாளர்கள் ஞானஸ்நானம், நற்கருணை, திருப்பணி பற்றி ஒரு பொது அறிக்கையில் உடன்பட்டார்கள். இன்னும் எல்லாரும் ஒரே மேசையில் உட்காரவில்லை. எனக்கு இது வருத்தம்தான்.

மூவொரு கடவுள் என்றால் மூன்று கடவுள்களா? அது 325-இல் ஓட்டெடுப்பில் வந்ததா?

மூன்று கடவுள்கள் என்பதைச் சபை எப்போதும் மறுத்தே வந்திருக்கிறது. கடவுள் ஒருவரே, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று ஆள்களாக இருக்கிறார். சூத்திரமாகச் சொன்னால் வறட்சியாக இருக்கும். அது எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் புரியும்.

அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த ஆரியஸ் என்ற குரு, குமாரன் படைக்கப்பட்டவர், அவர் இல்லாத ஒரு நேரம் இருந்தது என்று போதித்தார். 325-இல் நைசியாவில் ஆயர்கள் கூடி அதை நிராகரித்தார்கள். கடைசிவரை கையெழுத்திட மறுத்த ஆயர்கள் இரண்டே பேர். ஆனால் அதோடு முடியவில்லை; இன்னும் ஐம்பது ஆண்டுகளுக்குமேல் சண்டை நடந்தது, சில பேரரசர்கள் ஆரியஸ் தரப்புக்கே சாய்ந்தார்கள். அந்த நேரத்தில் அலெக்சாந்திரியாவின் ஆயர் அத்தனாசியார் கேட்ட கேள்வி எளிமையானது: பிதாவின் பெயராலும் குமாரனின் பெயராலும் ஞானஸ்நானம் கொடுக்கிறோமே, குமாரன் வெறும் படைப்பு என்றால் படைப்பின் பெயராலா ஒருவரை மறுபிறப்படையச் செய்கிறோம்?

செசரியா நகர ஆயர் பசிலியாரின் கதையும் இப்படித்தான். அவர் வழிபாட்டில் "குமாரனோடும் பரிசுத்த ஆவியோடும் பிதாவுக்கு மகிமை" என்று ஜெபித்ததைச் சிலர் குற்றம் சொன்னார்கள். "குமாரன் வழியாக, ஆவியில்" என்றுதான் சொல்ல வேண்டுமாம். அதற்குப் பதிலாக அவர் 375 வாக்கில் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். அந்தப் புத்தகத்தின் தொடக்கம் ஒரு ஜெபத்தில் வரும் வேற்றுமை உருபு என்றால் நம்புவது கடினம். மக்கள் வாயில் ஏற்கனவே இருந்த வழிபாட்டை அறிவு துரத்திப் பிடித்தது. 381-இல் கான்ஸ்டான்டிநோபிளில் அது விசுவாசப் பிரமாணமாக நிலைபெற்றது. இன்று ஞாயிறுதோறும் பல சபைகள் சொல்வது அதைத்தான்.

இன்னொன்று: பைபிளில் எந்த நூல்கள் இருக்க வேண்டும் என்று நைசியாவில் முடிவெடுத்தார்கள் என்பது பரவலான கட்டுக்கதை. இன்று நாம் வைத்திருக்கும் புதிய ஏற்பாட்டின் 27 நூல்களையும் அப்படியே பட்டியலிட்ட, நமக்குக் கிடைத்துள்ள முதல் ஆவணம் அத்தனாசியார் 367-இல் எழுதிய உயிர்ப்பு விழாக் கடிதம்.

அப்படியானால் பைபிள்கள் ஏன் வேறுபடுகின்றன?

புதிய ஏற்பாட்டில் ஏறக்குறைய எல்லாரும் ஒன்று. பழைய ஏற்பாட்டில்தான் வித்தியாசம். புராட்டஸ்டண்ட் பைபிளில் மொத்தம் 66 நூல்கள், கத்தோலிக்க பைபிளில் 73. ஆர்த்தடாக்ஸ் பட்டியல்கள் இன்னும் கொஞ்சம் நீளம்.

பயத்தில் விசுவாசத்தை மறுதலித்தவர் கிறிஸ்தவர் இல்லையா?

பழைய சபையை உலுக்கிய கேள்வி இது. 250-ஐ ஒட்டி டெசியஸ் என்ற பேரரசர், எல்லாரும் ரோமக் கடவுள்களுக்குப் பலியிட வேண்டும் என்று ஆணையிட்டார். பலியிட்டதற்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். எகிப்தின் மணலில் அப்படிப்பட்ட பாப்பிரஸ் சீட்டுகள் பல கிடைத்திருக்கின்றன: "நான் எப்போதும் கடவுள்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் பலியிட்டு, பானம் ஊற்றி, படையலைச் சுவைத்தேன்" என்ற மாதிரி வாசகம், கீழே சாட்சிக் கையொப்பம். கிறிஸ்தவர்களில் சிலர் உயிரைக் கொடுத்தார்கள். பலர் பலியிட்டார்கள். சிலர் பணம் கொடுத்துச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

ஆபத்து ஓய்ந்ததும் அவர்கள் அழுதுகொண்டு திரும்பி வந்தார்கள். சேர்க்கவே கூடாது என்றது ரோமில் நொவேஷியனின் கூட்டம். கார்த்தேஜ் ஆயர் சிப்ரியன், மனந்திரும்புதலுக்கான காலம் கடந்தபின் சேர்க்கலாம் என்றார். சபை சிப்ரியன் பக்கம் போனது. அரை நூற்றாண்டு கழித்து, பேரரசர் டயக்ளீஷியன் கிறிஸ்தவர்களைத் துன்புறுத்திய காலத்தில் வேதநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்த குருக்கள் கொடுத்த ஞானஸ்நானம் செல்லுமா என்று வட ஆப்பிரிக்க சபையே இரண்டானது. அகஸ்டினின் பதில்: ஞானஸ்நானம் கொடுப்பவர் கிறிஸ்துவே, குருவின் யோக்கியதையைப் பொறுத்து அது கெட்டுப்போகாது. மோசமான போதகரிடம் ஞானஸ்நானம் பெற்றுவிட்டோமே என்று கலங்குகிற எவருக்கும் இன்றும் இந்தப் பதில் உதவும்.

ஏன் இத்தனை சபைகள்?

பெரிய பிரிவுகளை மட்டும் சொல்கிறேன். 431-க்குப் பின் பாரசீகத்தின் கிழக்குத் திருச்சபை தனிவழி போனது. 451-இல் கிறிஸ்துவின் தன்மையைப் பற்றிக் கால்செதோன் சங்கம், அதாவது ஆயர்களின் பேரவை, தந்த தீர்ப்பை எகிப்தின் காப்டிக், சிரியாக், ஆர்மீனிய, எத்தியோப்பிய மரபுகள் ஏற்கவில்லை. ரோமும் கான்ஸ்டான்டிநோபிளும் 1054-இல் ஒன்றையொன்று விலக்கின. ஆனால் 1204-இல் சிலுவைப்போர் வீரர்கள் கான்ஸ்டான்டிநோபிளைச் சூறையாடியதுதான் அந்தக் காயத்தை ஆறவிடாமல் செய்தது. 1517-இல் லூத்தரோடு சீர்திருத்தம். 1906-இல் லாஸ் ஏஞ்சலீசின் அசூசா தெருவில், அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்த வில்லியம் சீமோர் நடத்திய கூட்டங்களிலிருந்து பெந்தெகொஸ்தே இயக்கம் உலகெங்கும் பரவியது.

கொள்கையோடு அரசியல், மொழி, அவமானம் எல்லாம் கலந்தவை இவை. ஒட்டவைக்கும் வேலையும் நடந்திருக்கிறது. 1947-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை, ஆயர் முறை உள்ள சபையையும் இல்லாதவற்றையும் ஒன்றாக்கியது. 1054-இன் விலக்கல்களை 1965-இல் இரு தரப்பும் திரும்பப் பெற்றன. 1973-இல் பாப்பரசர் ஆறாம் பவுலும் காப்டிக் பாப்பரசர் மூன்றாம் ஷெனூடாவும் கிறிஸ்துவைப் பற்றிய பொது அறிக்கையில் கையெழுத்திட்டார்கள். 1,500 ஆண்டுச் சண்டையின் பெரும்பகுதி ஒரே விசுவாசத்தை வேறு சொற்களில் சொன்னதால் வந்தது என்று தெரிந்துகொள்ள இத்தனை காலம் ஆயிற்று.

கிறிஸ்தவம் மேற்கத்திய மதமா?

இயேசு அரமேயம் பேசிய யூதர். மேலே வந்த பெர்பெத்துவா, தெர்த்துல்லியன், சிப்ரியன், அத்தனாசியார், அகஸ்டின் எல்லாரும் ஆப்பிரிக்க மண்ணைச் சேர்ந்தவர்கள். நான்காம் நூற்றாண்டில் எத்தியோப்பியப் பகுதியின் அக்சும் அரசர் எசானா, தன் நாணயங்களில் இருந்த பிறையையும் வட்டத்தையும் எடுத்துவிட்டுச் சிலுவையைப் பொறித்தார். 635-இல் கிழக்குத் திருச்சபையின் அலோபென் என்ற துறவி சீனத் தலைநகரை அடைந்தார். அந்தச் சபையின் வரலாற்றைச் சொல்லும் 781-ஆம் ஆண்டுக் கல்வெட்டு இன்றும் சியான் நகரில் நிற்கிறது. இன்று உலகில் ஏறக்குறைய 230 கோடிக் கிறிஸ்தவர்கள். சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவில் அவர்களின் எண்ணிக்கை ஐரோப்பாவைவிட அதிகம்.

குரு இல்லாமல், ஆலயம் இல்லாமல் விசுவாசம் நிலைக்குமா?

ஜப்பானில் நிலைத்தது. 1614-இல் கிறிஸ்தவம் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டது. குருக்கள் கொல்லப்பட்டார்கள் அல்லது வெளியேற்றப்பட்டார்கள். இயேசுவின் அல்லது மரியாளின் உருவம் பொறித்த தகட்டை மிதிக்கச் சொல்லி மக்களைச் சோதித்தார்கள். நாகசாகியைச் சுற்றியிருந்த கிராமங்களில் மக்கள் மறைவில் தொடர்ந்தார்கள். ஒருவருக்கு நாட்காட்டியைக் காக்கும் பொறுப்பு: எது பண்டிகை, எது நோன்பு என்று கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். இன்னொருவருக்கு ஞானஸ்நானம் கொடுக்கும் பொறுப்பு. மூன்றாமவர் செய்தியை வீடுவீடாகச் சேர்ப்பார். குரு இல்லாததால் நற்கருணை இல்லை. ஜெபங்கள் லத்தீனும் போர்த்துகீசியமும் ஜப்பானியமும் கலந்து வாய்வழியாகவே வந்தன.

1865 மார்ச் 17. நாகசாகியின் ஓவுராவில் வெளிநாட்டவருக்காகப் புதிதாகக் கட்டிய ஆலயத்தின் வாசலில் உரகாமி கிராமத்து மக்கள் சிலர் வந்து நின்றார்கள். பெர்னார் பெத்திஜான் என்ற பிரெஞ்சுக் குரு கதவைத் திறந்து உள்ளே போய் ஜெபிக்க முழந்தாளிட்டார். ஒரு பெண் அருகில் வந்து, "எங்கள் இதயமும் உங்கள் இதயமும் ஒன்றுதான்" என்று தாழ்ந்த குரலில் சொல்லி, மரியாளின் உருவம் எங்கே என்று கேட்டாள். இப்போது துக்க காலம், இன்று 17-ஆம் நாள் என்றும் அவர்கள் சொன்னார்கள். துக்க காலம் என்று அவர்கள் சொன்னது தவக்காலத்தை; அது தொடங்கும் சாம்பல் புதன் அந்த ஆண்டு மார்ச் 1. கணக்கு ஒரு நாள்கூடத் தவறவில்லை. இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு குருவையும் பார்க்காத மக்கள் அவர்கள்! தடை அப்போதும் நீங்கியிருக்கவில்லை. உரகாமியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் நாடுகடத்தப்பட்டார்கள். 1873-இல்தான் தடைப் பலகைகள் அகற்றப்பட்டன.

கிறிஸ்தவர்கள் செய்த கொடுமைகளை எப்படி விளக்குவீர்கள்?

விளக்கி நியாயப்படுத்த நான் தயாரில்லை. யூதர்கள் தனித்துத் தெரியும் உடை அணிய வேண்டும் என்று 1215-இன் நான்காம் லாத்தரன் சங்கம் விதித்தது. எல்லா யூதர்களும் கிறிஸ்துவின் சாவுக்குப் பொறுப்பாளிகள் என்ற பேச்சைக் கத்தோலிக்கத் திருச்சபை அதிகாரபூர்வமாகத் தள்ளியது 1965-இல்தான். 1807-இல் லண்டனில் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று ஒரு பைபிள் அச்சானது. எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து இஸ்ரவேலர் வெளியேறிய பகுதியை அதில் விட்டுவிட்டார்கள். எதை வெட்ட வேண்டும் என்று அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

அதே காலத்தில் அமெரிக்காவில், அடிமையாகப் பிறந்த ரிச்சர்ட் ஆலன், பிலடெல்பியா ஆலயத்தில் கறுப்பினத்தவர் ஜெபிக்கும்போதே எழுப்பப்பட்ட அவமானத்துக்குப் பிறகு தன் மக்களோடு வெளியேறினார். 1816-இல் ஆப்பிரிக்க மெத்தடிஸ்ட் எப்பிஸ்கோப்பல் திருச்சபை அவர் தலைமையில் உருவானது. வெளியேறியவர்கள் பைபிளையும் ஞானஸ்நானத்தையும் திருவிருந்தையும் விட்டுவிட்டுப் போகவில்லை. அவை தங்களுக்கும் சொந்தம் என்று எடுத்துக்கொண்டு போனார்கள். கொரிந்தில் பவுல் கோபப்பட்டது இவர்கள் சார்பில்தான் என்று நான் வாசிக்கிறேன்.

நான் நம்புகிறேன், ஆனால் ஆலயத்துக்குப் போவதில்லை. நான் கிறிஸ்தவரா?

உங்கள் ஞானஸ்நானம் எங்கும் போய்விடவில்லை. அகஸ்டின் சொன்னதை வைத்துப் பார்த்தால் அது உங்கள் வருகைப் பதிவேட்டைப் பொறுத்தது இல்லை. ஆனால் போகாததற்குக் காரணம் என்ன என்று பாருங்கள். சபையில் யாரோ காயப்படுத்தியிருந்தால், அந்த இடத்துக்கே திரும்ப வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வேறு சபை தேடுங்கள். வெறும் சோம்பல் என்றால், ஜஸ்டின் காலத்தில் உதவிக்குருக்கள் வராதவர் வீட்டுக்கும் அப்பத்தை எடுத்துப் போனதை நினைத்துப் பாருங்கள். உங்கள் பங்கு அங்கே ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. தனியாகவே விசுவாசியாக இருந்துவிடலாம் என்ற எண்ணம் எனக்குச் சரியாகப் படவில்லை. உரகாமி மக்கள்கூட மூன்று பேருக்குப் பொறுப்பைப் பிரித்துக் கொடுத்துத்தான் பிழைத்தார்கள்.

நான் கிறிஸ்தவர் இல்லை. ஒரு வழிபாட்டுக்கு வந்து பார்க்கலாமா?

தாராளமாக. எல்லாரும் எழும்போது எழுந்து, உட்காரும்போது உட்கார்ந்தால் போதும். சிலுவை போடவோ விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லவோ யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தக் கூடாது. திருவிருந்துக்கு மட்டும் முன்னால் போகாமல் இருங்கள். கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் ஆலயங்களில் அது அந்தந்த சபையாருக்கே. பல புராட்டஸ்டண்ட் சபைகளில் ஞானஸ்நானம் பெற்ற எவரும் பெறலாம். சில ஆலயங்களில் கைகளை மார்பின்மேல் குறுக்காக வைத்துக்கொண்டு போனால் ஆசீர்வாதம் மட்டும் கொடுப்பார்கள். அந்த வழக்கம் அங்கே உண்டா என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் தடவைக்குக் கடைசி வரிசையில் உட்காருங்கள், முன்னால் நடப்பது முழுவதும் தெரியும்.